கணினி இதழ்களை மெலியவைத்தது எது?

2023 ஏப்ரல் இதழோடு மேக்சிமம் பிசி, மேக்லைஃப் என்ற இரண்டு அமெரிக்க மாத இதழ்கள் அச்சை நிறுத்திக்கொண்டன. பொது வாசகருக்காக அந்த நாட்டில் அச்சாகிக்கொண்டிருந்த கணினி இதழ்களில் கடைசியாக எஞ்சியிருந்தவை அவைதான். இனி மின்னிதழாக மட்டும் வரும் என்று பதிப்பாளர் அறிவித்தார். பெரிய சலசலப்பு ஏதும் எழவில்லை. கணினியைப் பற்றிக் காகிதத்தில் படிக்கும் வழக்கம் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டிருந்தது.

ஏன் போயிற்று என்று கேட்டால், ‘இணையம் வந்தது, பத்திரிகை போனது’ என்று ஒரே மூச்சில் பதில் வரும். தவறான பதில் அல்ல, அரைகுறையான பதில். இணையம் எல்லாப் பத்திரிகைகளுக்கும்தான் வந்தது. சமையல், அலங்காரம், அரசியல், அறிவியல் என்று எத்தனையோ துறைகளின் இதழ்கள் இளைத்துப்போனாலும் இன்னும் அச்சில் வந்துகொண்டிருக்க, கணினி இதழ்கள் மட்டும் ஏன் முதல் வரிசையில் நின்று விழுந்தன? வாசகர்கள் குறைவதற்கு முன்பே அவற்றில் வேறொன்று குறையத் தொடங்கியிருந்தது: விளம்பரம். அதுவும், மற்ற இதழ்களில் நாம் சலிப்போடு புரட்டித் தள்ளுகிற வகை விளம்பரம் அல்ல. காசு கொடுத்து வாங்கி, பேனாவால் வட்டமிட்டுப் படித்த விளம்பரம். கணினி இதழ் பத்திரிகை என்பதைவிடச் சந்தையாகவே அதிகம் இருந்தது. சந்தை வேறிடம் போனபோது பத்திரிகையால் தனித்து நிற்க முடியவில்லை.

தொடக்கமே அப்படித்தான். 1975 ஜனவரியில் பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற சிறு கணினியின் படம் வந்தது. நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில் இருந்த மிட்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் தயாரிப்பு அது. பாகங்களாக வாங்கி நாமே பற்றவைத்துக்கொள்ள வேண்டும். விலை 400 டாலருக்குள். நியூயார்க்குக்கு அனுப்பிய முன்மாதிரி இயந்திரம் வழியில் தொலைந்துபோனதால், அட்டைக்காகப் படம்பிடிக்கப்பட்டது உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பெட்டி. அந்தப் பெட்டியின் படத்தைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினார்கள். சில நூறு விற்றால் போதும் என்று கணக்குப் போட்டிருந்த மிட்ஸ் திணறிப்போனது. ஹார்வர்டு சதுக்கத்தின் பத்திரிகைக் கடையில் அதே இதழைப் பார்த்த பால் ஆலன், அதைக் கொண்டுபோய் பில் கேட்ஸிடம் காட்டினார். அந்த இயந்திரத்துக்கான பேசிக் (BASIC) என்ற நிரல்மொழியை எழுத இருவரும் உட்கார்ந்தார்கள். மைக்ரோசாஃப்ட் அங்கேதான் தொடங்குகிறது.

அப்போது கணினி விற்கும் கடை என்று ஒன்று கிடையாது. கற்றுக்கொடுக்கப் பள்ளி கிடையாது, பழுது பார்க்க ஆளும் கிடையாது. எல்லாமே இதழ்தான். அதே ஆண்டு செப்டம்பரில் பைட் வந்தது. அமெச்சூர் வானொலி இதழ் நடத்திவந்த வேய்ன் கிரீன் தொடங்கியது அது. வெகுவிரைவில் அது அவர் கையை விட்டுப் போனதும், அவர் விடாமல் கிலோபாட் என்ற போட்டி இதழைத் தொடங்கியதும் தனிக்கதை. 1976-இல் கலிஃபோர்னியாவிலிருந்து டாக்டர் டாப்ஸ் ஜர்னல் வந்தது. நிரல்களை முழுதாக அச்சிட்டுக் கொடுப்பதே அதன் பிறப்புக் காரணம்.

நிரலை அச்சிட்டுக் கொடுப்பது என்றால் என்ன என்பது இன்றைய வாசகருக்குச் சட்டென்று பிடிபடாது. 1984 ஜனவரியில் கம்ப்யூட்ஸ் கெசட் என்ற இதழ், கமோடோர் 64 கணினிக்காக ஸ்பீட்ஸ்கிரிப்ட் என்ற சொற்செயலியை வெளியிட்டது. வெளியிட்டது என்றால், பக்கம் பக்கமாக எண்களை அச்சிட்டது. வரிக்கு ஆறு எண்கள், ஏழாவதாக ஒரு சரிபார்ப்பு எண். வாசகர் முதலில் எம்எல்எக்ஸ் என்ற சிறு நிரலைத் தட்டச்சு செய்து ஓடவிட வேண்டும். பிறகு அந்த எண்களை வரிசையாக உள்ளிட வேண்டும். ஒரு எண் பிசகினாலும் ஏழாவது எண் ஒத்துவராது, கணினி அந்த வரியை ஏற்காது. நூற்றுக்கணக்கான வரிகள், சில மாலைப்பொழுதுகள், ஒரு கழுத்துவலி. முடிவில் கடையில் விற்ற மென்பொருள்களோடு போட்டிபோடக்கூடிய சொற்செயலி ஒன்று இதழின் விலைக்கே கிடைத்தது. எழுதிய எதையும் புரிந்துகொள்ளாமலேயே ஒருவர் அத்தனை எண்களையும் அடித்து முடிக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் பேசிக் மொழியில் அச்சான நிரல்கள் அப்படியல்ல. அடிக்கும்போதே மாற்றிப் பார்க்கும் ஆசை வரும். ஒரு தலைமுறை நிரலாளர்கள் எழுத்துப்பிழைகளைத் தேடித் தேடியே தொழில் கற்றார்கள்.

கேசட், ஃபிளாப்பி, சிடி என்று ஊடகம் மாற மாற, பிரிட்டனில் தொடங்கிப் பல நாட்டு இதழ்களும் அவற்றை அட்டையில் ஒட்டிக் கொடுத்தன. 1990களின் நடுவில் அட்டையில் வந்த ஒரு சிடியில் சுமார் 650 மெகாபைட் இருக்கும். அதே அளவை, நொடிக்கு 28.8 கிலோபிட் வேகமுள்ள அன்றைய மோடம் வழியாகத் தொலைபேசிக் கம்பியில் இறக்க, இணைப்பு ஒரு நொடிகூட அறுபடாமல் இருந்தால், 50 மணி நேரம் ஆகும். அதனால் பலர் இதழை விட்டுவிட்டு சிடியை வாங்கினார்கள் என்றே சொல்லலாம். அகன்ற அலைவரிசை இணைப்பு வந்ததும் அந்தக் காரணம் ஒரேயடியாக ஒழிந்தது. ஆனால் இது பக்கவாட்டு இழப்பு. உயிர்நாடி வேறிடத்தில் இருந்தது.

1981-இல் ஐபிஎம் தன் தனிக்கணினியை வெளியிட்டது. அதை மட்டுமே பேசுவதற்கென்று 1982 தொடக்கத்தில் பிசி மேகசின் வந்தது. தொடங்கியவர் டேவிட் பன்னல். முன்பு ஆல்புகர்க்கியில் அதே மிட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஆண்டு முடிவதற்குள் இதழுக்குப் பணம் போட்டவர் அதை ஸிஃப் டேவிஸ் பதிப்பகத்துக்கு விற்றுவிட, கோபம்கொண்ட பன்னல் ஏறக்குறைய மொத்தக் குழுவையும் அழைத்துக்கொண்டு வெளியேறினார். போட்டிப் பதிப்பகமான ஐடிஜி வரவேற்றுக் கொண்டது. 1983-இல் பிசி வேர்ல்ட், அடுத்த ஆண்டு ஆப்பிளின் மேக்கின்டாஷோடு கூடவே மேக்வேர்ல்ட். ஓராண்டு நிரம்பாத ஒரு பத்திரிகைக்காக இத்தனை அடிதடி நடந்தது என்றால், அதில் புழங்கிய பணத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

1983 முடிவில் பைட் இதழ்கள் 600 பக்கத்தைத் தாண்டின. பிசி மேகசின் ஒரே இதழாகக் கட்ட முடியாத அளவுக்குப் பருத்ததால் மாதம் இருமுறை வரத் தொடங்கியது. இவை எல்லாவற்றையும் மிஞ்சியது கம்ப்யூட்டர் ஷாப்பர். 1979-இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய, செய்தித்தாள் போன்ற பெரிய தாளில் அச்சான அந்த மாத இதழ், உச்சத்தில் 800 பக்கங்களுக்கு மேல் வந்தது. தொலைபேசி டைரக்டரியைத் தூக்குவதுபோல இரு கையாலும் தூக்க வேண்டும். கட்டுரைகளும் இருந்தன. அவற்றுக்காக யாரும் அதை வாங்கியதாகத் தெரியவில்லை.

அந்த விளம்பரங்களைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முழுப்பக்கம், பொடி எழுத்து, ஆறேழு பத்திகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பொருள், ஒரு விலை: ஹார்ட் டிஸ்க், மெமரி சிப், மோடம், மதர்போர்டு, மானிட்டர். கீழே கட்டணமில்லாத் தொலைபேசி எண். மெமரி சிப்பின் விலை வாரத்துக்கு வாரம் தாவிய காலங்களில் அந்த வரியில் மட்டும் விலைக்குப் பதிலாக ‘அழைத்துக் கேளுங்கள்’ என்று இருக்கும். அச்சுக்குப் போகும் நாளுக்கும் கடைக்கு வரும் நாளுக்கும் நடுவே பல வாரங்கள் இருந்தன. அதற்குள் விலை என்னவாகும் என்று விற்பவருக்கே தெரியாது. வாசகர் இரண்டு மூன்று பக்கங்களை ஒப்பிட்டு, வட்டமிட்டு, தொலைபேசியை எடுப்பார். மைக்கேல் டெல் கல்லூரி விடுதியறையில் தொடங்கிய நிறுவனம் வளர்ந்ததும் இப்படித்தான்: இடைத்தரகர் கடையைத் தவிர்த்து, இதழ் விளம்பரம் வழியாக வாசகருக்கு நேராக விற்றது. அஞ்சல்வழிக் கணினி வணிகம் என்ற முழுத்தொழிலுக்கும் கடைவீதியாக இருந்தவை இந்த இதழ்களே.

விளம்பரத்தின் பலனை அளக்கவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். இதழின் நடுவே தடித்த தாளில் ஒரு வாசகர் சேவை அட்டை தைக்கப்பட்டிருக்கும். அதில் நூற்றுக்கணக்கான எண்கள். ஒவ்வொரு விளம்பரத்தின் ஓரத்திலும் ஓர் எண் இருக்கும். எந்த விளம்பரம் பிடித்ததோ அந்த எண்ணை அட்டையில் வட்டமிட்டு, பெயரும் முகவரியும் எழுதித் தபாலில் போட்டால், பதிப்பகம் அதைத் தொகுத்து அந்தந்த நிறுவனத்துக்கு அனுப்பும். சில வாரங்களில் வாசகர் வீட்டுக்குக் கட்டுக்கட்டாக விவரத்தாள்கள் வந்து சேரும். இன்றைக்குத் திரையில் விளம்பரத்தைச் சொடுக்குகிறோமே, அதே வேலைதான். தபால்காரர் வழியாகச் சென்றதால் மாதக்கணக்கில் ஆனது. வணிக வார இதழ்கள் இன்னும் ஒருபடி மேலே போயின. பிசி வீக், இன்ஃபோவேர்ல்ட் போன்றவை, நிறுவனங்களில் கணினி வாங்கும் பொறுப்பில் இருந்தவர்களுக்கு இலவசமாகவே வந்தன. பதிலுக்கு ஒரு நீண்ட படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும்: உங்கள் அலுவலகத்தில் எத்தனை கணினிகள், எவ்வளவு பட்ஜெட், வாங்கும் முடிவு யார் கையில். அந்தப் படிவங்களைக் காட்டித்தான் விளம்பரம் விற்றார்கள்.

இதில் இன்னொரு இயந்திரமும் ஓடியது. இத்தனை விளம்பரப் பக்கத்துக்கு இத்தனை கட்டுரைப் பக்கம் என்று பதிப்பகங்கள் விகிதம் வைத்திருந்தன. விளம்பரம் கூடினால் ஆசிரியர் குழுவுக்கும் பக்கங்கள் கூடும். அவற்றை நிரப்ப ஆட்கள் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும். சந்தாத் தொகை அச்சுச் செலவுக்கும் தபால் செலவுக்குமே போதாது. விளம்பரதாரருக்கு வாக்களித்த வாசகர் எண்ணிக்கையைக் காப்பாற்றுவதற்காகச் சந்தாவை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். ஆக, வாசகர் படித்த ஒவ்வொரு நல்ல கட்டுரைக்கும் பணம் கொடுத்தவர் வேறொருவர்.

அந்தப் பணத்தில் நல்ல காரியங்களும் நடந்தன என்பதை மறுக்க முடியாது. பிசி மேகசின் சொந்தமாகப் பரிசோதனைக்கூடம் வைத்திருந்தது. சந்தையில் கிடைக்கும் பிரிண்டர்களை ஒட்டுமொத்தமாகத் திரட்டி, ஒரே பக்கத்தை எல்லாவற்றிலும் அச்சடித்து, வேகத்தை அளந்து, எழுத்து மாதிரிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, ஆண்டுதோறும் பருத்த சிறப்பிதழ் ஒன்றைக் கொண்டுவந்தது. இருப்பதில் நான்கைந்தை எடுத்துச் சோதித்து ‘சிறந்தது இது’ என்று சொல்வது எளிது. எல்லாவற்றையும் சோதிப்பதற்கு ஆட்களும் பணமும் பொறுமையும் வேண்டும். பிறகு வந்த எந்த ஊடகமும் அந்த அகலத்தில் அதைச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. விளம்பரம் கொடுத்தவர்களின் பிரிண்டர்கள் அந்தச் சிறப்பிதழில் அடிவாங்கியதும் உண்டு. அடிவாங்கியவர் அடுத்த இதழுக்கும் விளம்பரம் கொடுத்தார்; ஏனென்றால் போக வேறு இடம் இல்லை. ஆசிரியர் குழுவின் முதுகெலும்புக்குக் கொள்கை பாதி காரணம் என்றால் இது மீதிப் பாதி.

விளம்பரம்தான் உயிர் என்பதற்கு இணையம் வருவதற்கு முன்பே ஒரு சாட்சி உண்டு. 1983-இல் வீட்டுக்கணினிகளின் விலைப்போர் முற்றி, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அந்தத் தொழிலையே விட்டு ஓடியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பல நிறுவனங்கள் கடையைக் கட்டின. கூடவே இதழ்களும் கொத்துக் கொத்தாகச் செத்தன. 1974-இல் டேவிட் ஆல் தொடங்கிய கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங், தனிக்கணினி பிறப்பதற்கு முன்பே பிறந்த இதழ், 1985-இல் மூடப்பட்டது. அப்போது பழி போட இணையம் இல்லை. இதழைப் படித்தவர்கள் ஒரே ஆண்டில் ஆர்வம் இழந்துவிடவும் இல்லை. விளம்பரம் கொடுத்தவர்கள்தான் இல்லாமல் போனார்கள்.

அந்த அடியிலிருந்து தொழில் மீண்டது. 1990களில் முன்னைவிடக் கொழுத்தது. 1994-இல் ஸிஃப் டேவிஸ் 140 கோடி டாலருக்குக் கைமாறியது. அடுத்த ஆண்டே ஜப்பானின் சாஃப்ட்பேங்க் அதை 210 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. யாஹூ என்ற புதிய நிறுவனத்தில் சாஃப்ட்பேங்க் பணம் போட வழி திறந்ததும் இதே பதிப்பகம் வழியாகத்தான். கையோடு ஸிஃப் டேவிஸ் 1996-இல் யாஹூ இன்டர்நெட் லைஃப் என்று ஓர் அச்சு இதழையும் தொடங்கியது. இணையத்தில் எங்கே எது கிடைக்கும் என்று காகிதத்தில் அச்சிட்டு மாதாமாதம் விற்றார்கள். அதற்கும் வாசகர்கள் இருந்தார்கள். 2002-இல் அது நின்றது. தங்களை விழுங்கப்போவதை இந்தப் பதிப்பகங்கள் கவனிக்கத் தவறின என்று சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மற்ற எவரையும்விட முன்னதாகப் பார்த்தார்கள், அதில் முதலீடும் செய்தார்கள். பார்த்தும் தப்ப முடியாத இடத்தில் அவர்களுடைய அச்சுத் தொழில் நின்றுகொண்டிருந்தது.

ஏன் தப்ப முடியவில்லை? பொடி எழுத்தில் விலைப்பட்டியல் அச்சிட்டவர்கள்தான் இணையத்தில் முதலில் கடை விரித்தார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர்கள்தான் முதலில் மோடம் வாங்கியவர்கள். டெல் 1996-லேயே தன் வலைத்தளத்தில் நேரடியாகக் கணினி விற்கத் தொடங்கிவிட்டது. சேலை விற்பவரோ சோப்பு விற்பவரோ இணையத்துக்கு வரப் பல ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. மெமரி சிப் விற்பவருக்கு அந்தக் காத்திருப்பே இல்லை. வலைப்பக்கத்தில் விலையைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மாற்றலாம்; ‘அழைத்துக் கேளுங்கள்’ என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. 2000 அக்டோபரில், தேடும் சொல்லுக்கேற்ப விளம்பரம் காட்டும் கூகுள் ஆட்வேர்ட்ஸ் வந்தபோது வாசகர் சேவை அட்டைக்கும் வேலை போயிற்று. விருப்பத்தைத் தெரிவித்த வாசகரின் முகவரி மாதக்கணக்கில் தபாலில் அலையாமல், தேடிய அந்த நொடியிலேயே விற்பவரின் வாசலில் வந்து நின்றது.

பைட் இதற்கு முன்பே விழுந்துவிட்டது. 1998-இல் அதன் பதிப்பாளரான மெக்ரா ஹில் தன் கணினி இதழ்களை சிஎம்பி என்ற பதிப்பகத்துக்கு விற்றது. வாங்கியவர்கள் சில வாரங்களிலேயே பைட்டை நிறுத்தினார்கள். ஜூலை இதழே கடைசி. அதற்கு வாசகர் பஞ்சம் இல்லை. பல லட்சம் பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் விளம்பரப் பக்கங்கள் தொடர்ந்து சரிந்திருந்தன. பைட் எல்லா வகைக் கணினிகளையும் பற்றி எழுதிய இதழ். சந்தையோ இன்டெல் சிப்பில் ஓடும் விண்டோஸ் என்ற ஒரே தடத்துக்குச் சுருங்கிவிட்டது. எல்லாவற்றையும் அறிய விரும்பும் வாசகரை, ஒன்றை மட்டும் விற்க விரும்பும் விளம்பரதாரருக்கு என்ன தேவை?

விளம்பரம் எவ்வளவு சடுதியில் ஆவியாகும் என்பதற்கு 2001 இன்னோர் எடுத்துக்காட்டு. இணைய வணிகத்தைப் பற்றி எழுதிய த இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்டு என்ற வார இதழ், 2000-இல் அமெரிக்காவிலேயே மிக அதிக விளம்பரப் பக்கம் விற்ற இதழாக இருந்தது. 2001 ஆகஸ்டில் மூடப்பட்டது.

அதன் பிறகு நடந்தது மெல்லக் கரைதல். விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்களின் எண்ணிக்கையே குறைந்துகொண்டு போயிற்று. 2002-இல் காம்பேக் ஹெச்பியோடு இணைந்தது. 2005-இல் ஐபிஎம் தன் கணினிப் பிரிவை லெனோவாவிடம் ஒப்படைத்தது. பசுவின் புள்ளிகள் போட்ட பெட்டிகளோடு பல பக்கங்களை நிறைத்த கேட்வே 2007-இல் ஏசரிடம் போயிற்று. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விளம்பரக் கணக்கு மூடப்பட்டது. பக்கம் குறைந்தால் விகிதப்படி கட்டுரையும் குறையும். இதழ் மெலியும். மெலிந்த இதழைக் கடையில் எடுத்துப் பார்ப்பவர் திரும்ப வைத்துவிடுவார். முன்பு இதழைக் கொழுக்கவைத்த அதே விகிதம் இப்போது தலைகீழாக ஓடி அதை எலும்பாக்கியது.

இன்னொரு காரணத்தைப் பலர் சொல்வதில்லை: கணினி மலிந்தது, ஒழுங்காக வேலை செய்யவும் தொடங்கியது. நீங்கள் வாங்க ஆசைப்படும் கணினியின் விலை எப்போதும் 5,000 டாலர்தான் என்று பிசி மேகசின் ஆசிரியராக இருந்த பில் மேக்ரோன் ஒரு விதியே வகுத்திருந்தார். 1980களில் அது பொருந்தியது. 5,000 டாலர் கொடுப்பதற்கு முன் மூன்று மாத இதழ்களைப் படிப்பது புத்திசாலித்தனம். 1997-இல் காம்பேக் 1,000 டாலருக்குக் கீழே ஒரு கணினியை விற்றது. அதன் பிறகு விலை இறங்கிக்கொண்டே போயிற்று. தவறான கணினியை வாங்கினாலும் குடி முழுகாது என்ற நிலை வந்ததும் மதிப்புரைக்குத் தேவை குறைந்தது. உதவிக் குறிப்புகளும் அப்படியே. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் 640 கிலோபைட் நினைவகத்துக்குள் எதை எங்கே நுழைப்பது என்பதற்காகவே மாதாமாதம் பக்கங்கள் ஒதுக்கினார்கள். அந்தச் சிக்கல் தீர்ந்தபோது அதைத் தீர்த்துவைத்தவர்களின் பிழைப்பும் தீர்ந்தது.

2007-இல் இன்ஃபோவேர்ல்ட் அச்சை விட்டது. 2008 மார்ச்சில் ஸிஃப் டேவிஸ் மீடியா திவால் பாதுகாப்பு கோரியது; 2009 ஜனவரி இதழோடு பிசி மேகசினின் அச்சு முடிந்தது. அதே 2009-இல் டாக்டர் டாப்ஸ் ஜர்னல், அமெரிக்காவின் கம்ப்யூட்டர் ஷாப்பர், 1978-லிருந்து பிரிட்டனில் வந்த பர்சனல் கம்ப்யூட்டர் வேர்ல்ட் மூன்றும் நின்றன. பொருளாதார நெருக்கடி ஆண்டு என்பதால் எல்லாப் பழியும் அதன்மேல் போனது. அது கடைசி உதை மட்டும்தான். 2006 வாக்கில் 7,50,000 பிரதிகளோடு உலகின் பெரிய கணினி இதழாக இருந்த பிசி வேர்ல்ட், 2013 ஆகஸ்ட் இதழோடு நிறுத்திக்கொண்டது. மேக்வேர்ல்டின் முறை அடுத்த ஆண்டு வந்தது. 2014 செப்டம்பர் 9 அன்று ஆப்பிள் ஐபோன் 6-ஐயும் ஆப்பிள் வாட்ச்சையும் அறிமுகப்படுத்தியது. அந்த ஆண்டில் மேக்வேர்ல்ட் ஆசிரியர் குழுவுக்கு அதைவிடப் பரபரப்பான நாள் கிடையாது. எழுதி முடித்த மறுநாள் அவர்களில் பெரும்பாலோருக்கு வேலை இல்லை என்று சொல்லப்பட்டது. மேடையேறித் தானே அறிமுகப்படுத்தி, தானே ஒளிபரப்பி, தன் கடைகளில் தானே விற்கும் நிறுவனத்துக்கு நடுவில் ஓர் இதழ் தேவையில்லை.

அப்படியானால் பிழைத்தவர்கள்? ஜெர்மனியில் ஹெய்ஸ பதிப்பகம் 1983-இல் தொடங்கிய சி-டி இதழ், சொந்த ஆய்வுக்கூடத்தோடு இன்றும் இரு வாரத்துக்கு ஒருமுறை அச்சாகிறது. சந்தா கட்டிப் படிக்கும் வாசகர்களே அதன் பலம். அமெரிக்காவில் 1984 முதல் வரும் 2600 என்ற ஹேக்கர் காலாண்டிதழ் விளம்பரப் பணத்தை நம்பியதே இல்லை. எனவே அது போனபோது இழக்க ஒன்றும் இல்லை. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியைத் தயாரிப்பவர்களின் மேக்பை இதழ் 2015 நவம்பரில் ஒரு வேடிக்கை செய்தது. பை ஜீரோ என்ற ஐந்து டாலர் கணினியையே அட்டையில் ஒட்டிக் கொடுத்தது. பத்தாயிரம் பிரதிகளும் பறந்துபோயின. அட்டையில் கணினியின் வெற்றுப் பெட்டி படமாக வந்ததிலிருந்து கணினியே அட்டையில் வந்தது வரை நாற்பது ஆண்டு. இந்த மூன்றிலும் வாசகரே பணம் கொடுப்பவர், அல்லது பொருள் விற்பவரே இதழ் நடத்துபவர். நடுவில் நின்று இருவரையும் சேர்த்துவைத்த வகைதான் அழிந்தது.

அந்த வகை இதழ்கள் செய்துவந்த வேலை அழிந்துவிடவில்லை, துண்டு துண்டாகச் சிதறிவிட்டது. சந்தேகம் என்றால் தேடுபொறி, விலை என்றால் ஒப்பீட்டுத் தளம், மதிப்புரை என்றால் காணொளி. மதிப்புரையில்தான் நாம் தோற்றுப்போனதாக எனக்குத் தோன்றுகிறது. இன்றைய ‘சிறந்த பத்து மடிக்கணினிகள்’ பட்டியலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு தரகு இணைப்பு இருக்கிறது; நாம் வாங்கினால் எழுதியவருக்குப் பங்கு. ‘வாங்காதீர்கள்’ என்று எழுதினால் பங்கு இல்லை. பழைய இதழில் விளம்பரம் விளம்பரமாக, சட்டம் போட்டு, நிறுவனத்தின் பெயரோடு நின்றது. அதை நம்பலாமா கூடாதா என்று வாசகர் தானே முடிவு செய்துகொண்டார்.

பைட்டை 2011-இல் வலைத்தளமாக மீட்டெடுத்தார்கள். 2013-இல் அதையும் மூடிவிட்டார்கள். காகிதப் பிரதிகளோ ஆர்வலர்களின் கையால் ஸ்கேன் செய்யப்பட்டு இன்டர்நெட் ஆர்க்கைவில் அட்டை முதல் அட்டை வரை கிடைக்கின்றன. அவற்றைத் திறக்கும் ஆய்வாளர்களில் ஒரு சாரார் கட்டுரைகளைத் தாண்டி நேராகப் பொடி எழுத்துப் பக்கங்களுக்குத்தான் போகிறார்கள். கணினி நினைவகத்தின் விலை ஆண்டுக்கு ஆண்டு எப்படிச் சரிந்தது என்று காட்டும் புகழ்பெற்ற தரவுப் பட்டியல் ஒன்று உண்டு. பாடங்களிலும் ஆய்வுகளிலும் அதிலிருந்து வரைந்த கோடுகளைப் பார்க்கலாம். அதன் 1980கள், 90களுக்கான எண்களில் பல, பைட்டிலும் கம்ப்யூட்டர் ஷாப்பரிலும் வந்த விளம்பரங்களின் விலைகளே. 2000-ஐத் தாண்டியபின் ஆதாரப் பத்தியில் இதழ்களின் பெயர்கள் அருகிப்போய், இணையக் கடைகளின் பெயர்கள் வரத் தொடங்குகின்றன.